முறுக்குத் தொழிலுக்குக் கடன்: எவ்வளவு வாங்கலாம், எந்தத் திட்டத்தில் வாங்கலாம்?

கேள்வி:

மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. ஆறு வருடமாக வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறேன். கூட நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். நாளுக்கு 30 கிலோ போகிறது. மாதம் ஒன்றரை லட்சத்துக்கு விற்றால் செலவெல்லாம் போக 28,000 ரூபாய் நிற்கும். 50 கிலோ வரை கேட்கிறார்கள், கையால் பிசைந்து கையால் பிழிவதால் கொடுக்க முடியவில்லை. இயந்திரங்களுக்குக் கொட்டேஷன் வாங்கினேன், மொத்தம் 9 லட்சத்து 40 ஆயிரம். வங்கியில் நிலப் பத்திரம் கேட்கிறார்கள், எங்களிடம் நிலம் இல்லை, வீடும் மாமியார் பெயரில் இருக்கிறது. ஒரு புரோக்கர், "15 லட்சத்துக்குப் புதுத் தொழில் என்று உங்கள் நாத்தனார் பெயரில் போடுவோம், ஐந்தேகால் லட்சம் மானியம், முன்பணம் 15,000 கொடுங்கள், உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்குத் தனியாக 2,500" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "முத்ரா கடன் வாங்கு, அதைக் கட்டவே வேண்டாம்" என்கிறார். திருச்சியில் ஒரு மொத்தக் கடைக்காரர் 1 லட்சத்து 80 ஆயிரம் பாக்கி வைத்து நான்கு மாதம் ஆகிறது. கையில் 80,000 சேமிப்பு இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன், அதில் பெரும்பகுதி கடன் பிரிவில். உங்களைப் போல் நாளுக்கு எத்தனை கிலோ, மாதம் எவ்வளவு நிற்கிறது, எத்தனை கிலோவைக் கொடுக்க முடியாமல் போகிறது என்று தெளிவாகச் சொல்லி எதிரே உட்கார்ந்தவர்கள் மிகக் குறைவு. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

திட்டங்களைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் எவ்வளவு கடன் என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் புரோக்கர் உங்களைத் திசைதிருப்பியது அங்கேதான். அவர் மானியத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். நீங்கள் தொடங்க வேண்டிய இடம், கொடுக்க முடியாமல் போகிற அந்த 20 கிலோ.

இருபது கிலோ, மாதம் 25 நாள் என்றால் 500 கிலோ. நீங்கள் சொன்ன விற்பனைப்படி கிலோ 200 ரூபாய் விழுகிறது. ஆக மாதம் ஒரு லட்சம் கூடுதல் விற்பனை. இப்போது ஒன்றரை லட்சத்தில் 28,000 நிற்கிறது என்றால், ஒரு லட்சத்தில் 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இயந்திரம் வந்த பிறகு உங்கள் வீட்டுக்குள் புதிதாக வரப்போகும் பணம் அவ்வளவுதான். கடன் தவணை இதற்குள் அடங்க வேண்டும், அடங்கிக் கையில் கொஞ்சம் மிஞ்சவும் வேண்டும்.

வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், வங்கிக்கு வங்கி மாறும். ஐந்து வருடத் தவணையில் ஒரு லட்சம் கடனுக்கு மாதம் சுமார் 2,175 ரூபாய் கட்ட வேண்டும். புரோக்கர் சொல்லும் 15 லட்சத்தில் உங்கள் பங்கு 75,000. மானியம் ஐந்தேகால் லட்சமும் சுளையாக வந்துவிட்டது என்றே வைத்தாலும் 9 லட்சம் கடன் நிற்கும். தவணை 19,500-க்கு மேல். புது வருமானம் 18,000 சொச்சம். இயந்திரம் வாங்கியதால் உங்கள் வருமானம் குறையும் என்று அர்த்தம். அந்த 15 லட்சத்தில் உங்களுக்குத் தேவையில்லாத சாமான் எவ்வளவு, விலை ஏற்றி எழுதிய பில் எவ்வளவு என்பது தனிக் கதை.

சரி, உங்கள் 9 லட்சத்து 40 ஆயிரத்தைப் பார்ப்போம். கொட்டேஷன் நகலை நிதானமாகப் படித்தேன். மாவு பிசையும் இயந்திரம், பிழியும் இயந்திரம், பெரிய எரிவாயு அடுப்பு, எண்ணெய்த் தொட்டி எல்லாம் சேர்ந்து 6 லட்சம். மீதி 3 லட்சத்து 40 ஆயிரம் தானியங்கிப் பேக்கிங் இயந்திரத்துக்கு. வேலை எங்கே தேங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பிசைவதிலும் பிழிவதிலும். பேக்கிங்கில் தேக்கம் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கவரை ஒட்டச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு சீலர் போதும். பேக்கிங் இயந்திரத்தை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். நாளுக்கு 80, 100 கிலோ போகும் காலத்தில் அது வேண்டியிருக்கும், அப்போது வாங்கிக்கொள்ளலாம். பொரிப்பதையும் முழுக்க இயந்திரத்திடம் விட வேண்டாம் என்பது என் எண்ணம். இரண்டு தடவை எண்ணெயில் போட்டெடுக்கும் அந்தப் பக்குவத்தால் வந்த பெயர்தானே மணப்பாறை முறுக்குக்கு! 2023-ல் புவிசார் குறியீடு வரை போன பெயர் அது. சட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்கள் அங்கேயே நிற்கட்டும்.

ஆக, தேவை 6 லட்சம். உங்கள் பங்கு பத்து சதவீதம் 60,000, அது கையில் இருக்கிறது. கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். மானியத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் பார்த்தால் தவணை மாதம் 11,750 சுமார். புது வருமானத்தில் தவணை போக ஆறு, ஏழாயிரம் மிஞ்சும். மானியம் ஒரு பைசா வராவிட்டாலும் இந்தக் கடன் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். எந்தக் கடனையும் நான் எடைபோட்டது இப்படித்தான்.

இப்போது திட்டம். உங்களுக்குப் பொருந்துவது பிரதம மந்திரியின் உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம். 2020-ல் வந்தது. ஏற்கெனவே நடக்கும் சின்ன உணவுத் தொழிலை விரிவாக்கவும் இதில் கடன் உண்டு, உங்களுக்கு வேண்டியது அதுதான். தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம். உங்கள் 6 லட்சத்துக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் வரும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். இயந்திரத்துக்கும் அதற்கான கட்டுமானத்துக்கும்தான் கணக்கு, நிலத்தின் விலை சேராது. திருச்சி மாவட்ட தொழில் மையத்துக்குப் போய்க் கேளுங்கள். விண்ணப்பம் போடவும் திட்ட அறிக்கை எழுதவும் மாவட்ட வள நபர் என்று ஒருவரை இந்தத் திட்டத்திலேயே நியமித்திருப்பார்கள். அவருக்கான ஊதியத்தைத் திட்டமே கொடுக்கிறது, நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. புரோக்கர் 15,000 கேட்பது இந்த வேலைக்குத்தான். திட்டங்களின் கெடுவும் ஒதுக்கீடும் நிதியாண்டோடு மாறும் என்பதால், இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். கூட இருக்கும் நான்கு பெண்களும் சுய உதவிக் குழுவில் இருந்தால், குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் தரும் பிரிவும் இதே திட்டத்தில் இருக்கிறது. அதையும் கேட்டு வாருங்கள்.

புரோக்கர் சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2008-லிருந்து நடக்கும் நல்ல திட்டம்தான். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. ஆறு வருடமாக நடக்கும் உங்கள் தொழிலுக்கு அது இல்லை. மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டமும் அப்படியே, புதுத் தொழிலுக்குத்தான். அதனால்தான் அவர் நாத்தனார் பெயரைக் கேட்கிறார்.

தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். மானியம் கையில் தரும் பணம் அல்ல. அது கடன் கொடுத்த வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பில் கிடக்கும். அந்தக் காலத்தில் அதற்கு வட்டி தர மாட்டார்கள், அதற்கு ஈடான கடன் பகுதிக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அப்படி வருகிறவர்களிடம் நாத்தனார் எந்தத் தொழிலைக் காட்டுவார்? உணவுப் பாதுகாப்புப் பதிவு உங்கள் பெயரில், வேலை செய்யும் பெண்கள் உங்களிடம், கடைக்காரர்கள் போன் செய்வதும் உங்களுக்கு. மானியம் திரும்பிப் போனால் முழுக் கடனும் நாத்தனார் தலையில் நிற்கும். குடும்பத்துக்குள் அது என்னென்ன செய்யும் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் ஒரு சிறு நகரக் கிளையில் இருந்தபோது ஒரு பையன் வந்தான். காகிதக் கப் செய்யும் இயந்திரம் வாங்க வேண்டும் என்றான். அப்போது ஊருக்கு ஊர் எல்லாரும் காகிதக் கப் என்றுதான் வருவார்கள். மானியத்துக்கு ஏற்றபடி இயந்திரக்காரர் விலையைக் கூட்டி எழுதிய கொட்டேஷன் அது. எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஆண்டு முடிவு, இலக்கு பாக்கி, மேலிருந்து அழுத்தம். கையெழுத்துப் போட்டேன். இயந்திரம் வந்தது. காகிதச் சுருள் வாங்கப் பணம் இல்லை. கப் வாங்குவது யார் என்று அவன் யோசித்திருக்கவும் இல்லை. இரண்டாவது வருடமே ஷெட் பூட்டிக் கிடந்தது, மானியம் திரும்பிப் போனது. அவன் அப்பா மாதா மாதம் பென்ஷன் பணத்தை எடுத்து வந்து கட்டினார். கவுண்டரில் அவர் நிற்கும்போது நான் தலை நிமிர்ந்ததில்லை. "எத்தனை கப்புக்கு ஆர்டர் வைத்திருக்கிறாய், தம்பி?" என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

முத்ராவைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முழுத் தவறு. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் மானியமே கிடையாது, தள்ளுபடியும் கிடையாது. அடமானம் கேட்காமல் தருகிற சாதாரண வங்கிக் கடன் அது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண், தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ். மூன்று மாதத்துக்கு மேல் கட்டாவிட்டால் வாராக் கடன் என்று உங்கள் பெயரில் பதிவாகும், சிபில் என்கிற கடன் வரலாறு கெடும், அப்புறம் நகைக்கடன் தவிர எதற்குப் போனாலும் கதவு அடைபடும். ஆனால் கட்டுகிறவருக்கு நல்ல கடன். உணவுத் தொழில் திட்டத்தில் இந்த ஆண்டு இடமில்லை என்று சொன்னால் காத்திருக்க வேண்டாம். அந்த 5 லட்சத்து 40 ஆயிரத்தைத் தருண் கடனாகவே கேளுங்கள். மானியம் இல்லாமலும் உங்கள் கணக்கு நிற்கிறது என்று பார்த்தோமே.

நிலப் பத்திரம் விஷயம். குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் நஷ்டத்தைப் பெரும்பகுதி ஈடுகட்ட, மத்திய அரசும் சிட்பி என்ற சிறு தொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2000-ல் அமைத்த கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை இருக்கிறது. கிளை மேலாளரிடம் சண்டை போட வேண்டாம். "சார், பத்து லட்சத்துக்குள்தான் கேட்கிறேன், உத்தரவாதத் திட்டத்தில் வைத்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தை தெரிந்தவர்களிடம் பேச்சு மாறும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அந்த உத்தரவாதம் வங்கிக்குப் பாதுகாப்பு. நீங்கள் கட்ட வேண்டியது அப்படியேதான் இருக்கும்.

விண்ணப்பத்தைக் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். தாள்களெல்லாம் சேர்ந்த பிறகு, 25 லட்சம் வரையிலான கடனுக்கு 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். அப்படியும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

ஆனால் வங்கி மறுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உங்களிடமே இருக்கிறது. கடைக்காரர்கள் ஜிபேயில் போடும் பணம் கணவர் கணக்குக்குப் போகிறது என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வங்கியின் கண்ணுக்கு உங்கள் தொழில் தெரியவே தெரியாது. மாதம் ஒன்றரை லட்சம் விற்பவர் அவர், நீங்கள் வருமானமே இல்லாத பெண். இந்த வாரமே தொழிலின் பெயரில் உங்களுக்கு ஒரு நடப்புக் கணக்குத் திறந்து, க்யூஆர் அட்டையை மாற்றுங்கள். ரொக்கமாக வருவதையும் அதில் போட்டு எடுங்கள். நான்கு, ஐந்து மாதத்து வரவு செலவு அதில் தெரிந்தால், எந்த மேலாளருக்கும் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பழைய மாதங்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் நோட்டையும் கணவரின் ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

சிபிலை நீங்களே பார்த்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கணவரின் பைக் கடனில் மூன்று தவணை தவறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அது உங்கள் அறிக்கையில் வராது. ஆனால் அவரை இணைக் கடன்தாரராகச் சேர்த்தால் அது பேசப்படும். அதனால் முடிந்தவரை உங்கள் ஒருவர் பெயரிலேயே விண்ணப்பம் போடுங்கள். பைக் பாக்கியை முதலில் அடைத்துவிடுவது இன்னும் நல்லது. நீங்கள் வாங்கியிருக்கும் குழுக்கடனும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் அறிக்கையில் வரும், அதை மறைக்க வேண்டாம்.

உத்யம் பதிவுக்கு ஒரு ரூபாயும் கட்டணம் இல்லை. 2020 ஜூலையிலிருந்து மத்திய அரசின் இணையதளத்தில் பான் எண்ணும், ஆதார் எண்ணும், ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓடிபியும் இருந்தால் அரை மணி நேர வேலை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல. தொழில் தொடங்கிய தேதி என்ற இடத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய உண்மையான தேதியைப் போடுங்கள். மாமியாரிடம், வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே மின்வாரியத்தில் விண்ணப்பித்துத் தொழிலுக்குத் தனி இணைப்பு எடுங்கள். வீட்டு இணைப்பில் மோட்டார் ஓட்டினால் அபராதம் வரும், குறுந்தொழிலுக்கு என்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது.

இயந்திரத்தை மட்டும் யோசித்து மாவையும் எண்ணெயையும் மறந்துவிடக் கூடாது. 50 கிலோ போட ஆரம்பித்தால் சரக்கு வாங்கவும் கடைகளுக்குக் கடனாகக் கொடுக்கவும் இப்போதைவிடக் கூடுதல் பணம் சுற்றில் நிற்கும். அந்தப் பையன் விழுந்தது அங்கேதான். ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை நடைமுறை மூலதனக் கடன் தரலாம் என்பது வங்கிகள் பின்பற்றும் வழக்கமான கணக்கு. இன்றைய உங்கள் 18 லட்சத்துக்கே 3 லட்சத்து 60 ஆயிரம் வரை கேட்க முடியும். அவ்வளவு வேண்டாம், ஒரு லட்சம் போதும் என்று நினைக்கிறேன். இயந்திரக் கடனோடு சேர்த்தே கேளுங்கள், பிறகு தனியாகப் போய் நின்றால் இழுத்தடிக்கும்.

உண்மையில் உங்கள் நடைமுறை மூலதனம் திருச்சியில் ஒருவர் பெட்டியில் இருக்கிறது. 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் மத்திய அரசின் இணையதளத்தில் புகார் செய்தால் வசதியாக்கக் குழு விசாரிக்கும், திருச்சியிலேயே அந்தக் குழு இருக்கிறது. ஆனால் உத்யம் பதிவுக்குப் பிறகு கொடுத்த சரக்குக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. பழைய 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு அது கைகொடுக்காது, அதைப் பேசித்தான் வாங்க வேண்டும். நேரில் போங்கள், மாதம் 45,000 வீதம் நான்கு தவணை கேளுங்கள், அதுவரை புதுச் சரக்கை ரொக்கத்துக்கு மட்டும் போடுங்கள். இனி எல்லாப் பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் பணம் தராத வியாபாரி அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் வந்துவிட்டது. பில்லில் அந்த எண்ணைப் பார்த்தால் அவருடைய ஆடிட்டரே அவரை நெருக்குவார்.

கடன் அனுமதிக் கடிதம் வந்ததும் அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். வட்டி விகிதம், முதல் தவணைத் தேதி, பிடித்தங்கள் மூன்றையும் பாருங்கள். நீங்கள் கேட்காத ஆயுள் காப்பீடு எதுவும் அதில் ஒட்டியிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். இயந்திரத்துக்கும் சரக்குக்குமான தீ விபத்துக் காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், எண்ணெய்ச் சட்டி எரியும் இடம் அது. பணம் இயந்திரக்காரர் கணக்குக்குப் போன பிறகு, மானியக் கோரிக்கையை வங்கி என்றைக்கு அனுப்பியது என்று கேட்டு உங்கள் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிளை மேலாளர் மாறிப் போனால், அடுத்தவரிடம் காட்ட அந்தத் தேதி வேண்டும்.